அந்தப் படத்தில் இருக்கும் முகம்

ஸ்டீபன்,

உனக்கு மாமனாராக வரவேண்டிய மரியதாஸ், படப்பையில் நடத்திவந்த இடியாப்பக் கடையைப் பூட்டிவிட்டார். மகள் ஜான்சியை வெளியே அனுப்புவதில்லை. கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று ஆள்விட்டுச் சொன்னார். காரணம், இலங்கைச் சண்டைக் காலத்துப் படம் என்று போன்களில் சுற்றுகிற ஒரு புகைப்படம். பச்சைச் சட்டை போட்ட ஒருவன் தோளில் துப்பாக்கியோடு நிற்கிறான். அவன் காலடியில் பெண்களும் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘சொந்த ஜனத்தைக் காட்டிக்கொடுத்தவன், இன்று படப்பையில் இடியாப்பம் விற்கிறான்’ என்று கீழே எழுதியிருக்கிறது. முகம் மரியதாஸின் முகம்தான். அதில் எனக்கும் சந்தேகம் வரவில்லை.

நீயும் புனேயிலிருந்து அதை எனக்கு அனுப்பி, “அப்பா, இது நிஜமா?” என்று ஒரே வரி கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியிலேயே கோபப்பட்டு வைத்துவிடுவாய், அது உன் சுபாவம், என்னிடமிருந்து வந்ததுதான். அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதவில்லை. அந்தப் படம் எந்தெந்தக் குழுவுக்குப் போனதோ அங்கெல்லாம் இந்தக் கடிதத்தையும், மரியதாஸின் சம்மதத்தோடு, போடப்போகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். படம் பார்க்க ஒரு நொடி போதும், இதைப் படிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த வித்தியாசத்தினால்தான் ஒரு குடும்பம் மூட்டை கட்டும் நிலைக்கு வந்திருக்கிறது.

எனக்கு அந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டியவன் லாரி புரோக்கர் பலராமன். சேரப்பணஞ்சேரி யார்டில் நான் மரப்பெட்டி பிரிக்கிற ஆட்களோடு நின்றிருந்தேன். வண்டியின் இன்ஜினை அணைக்காமலே கேட்டான். “இன்னாண்ணே, பொண்ணு வூட்டாளுங்கள நல்லா விசாரிச்சியா நீ?”

“ஏன்டா, இன்னாத்துக்குக் கேக்கற?”

“இத்தப் பாரு. வந்துச்சு, நம்ம அண்ணனாச்சேன்னு காட்டறேன். நான் காட்டுனேன்னு யார்கிட்டயும் சொல்லிக்காத.” முகத்தில் அனுதாபம் இருந்தது. குரலில் இல்லை. மட்டமான சரக்கை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டு வருகிறவனின் சந்தோஷம் எனக்குத் தெரியாததா?

உன் அம்மாவிடம் காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவளுக்கு எனக்கு முன்பே வந்திருந்தது, கோயில் பெண்கள் குழுவில். “சம்மந்தியாம் சம்மந்தி. பேசாம நிறுத்திடுங்க. நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கித் தாத்தன் யாருன்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க? துப்பாக்கி வச்சிக்கினு நின்னாரேன்னு படத்தக் காட்டுவீங்களா?” என்றாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நானும் மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். அப்போது அவர் இன்னும் பூட்டவில்லை. முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள் முண்டியடிக்கிற நேரம் அது. உனக்குத் தெரியும், தட்டு கிடைக்காமல் இலையை உள்ளங்கையில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறாய். அன்றைக்குப் பெஞ்சில் ஆளில்லை. இரண்டு வாலிபர்கள் மட்டும் கடைக்கு எதிரே நின்றுகொண்டு, போனை உயர்த்தி அவர் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தாடை அதே மாரி கீதுடா.”

“காதப் பாரு. வயசானாலும் காது மாறாதாம்.”

மரியதாஸ் இடியாப்பம் பிழிவதை நிறுத்தவில்லை. “என்ன தம்பி வேணும்?” என்று கேட்டார். “ஒண்ணும் வோணாம், சும்மாதான்” என்று சொல்லிவிட்டு ஒருவன் படம் பிடித்துக்கொண்டான். அவர்கள் போனபிறகு என்னைப் பார்த்தார். “நீங்களும் பாக்கத்தான் வந்தனீங்களோ அண்ணை?” என்றார். நான் பார்சல் வாங்க வந்ததாகச் சொன்னேன். அவர் கட்டிக்கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்தப் பார்சலை வீட்டில் யாரும் பிரிக்கவில்லை.

யார்டுக்கு வந்து உட்கார்ந்து, படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் என் கண்ணில் பட்டது கால். மேலே விறைப்பான பட்டாளச் சட்டை, கீழே ரப்பர் செருப்பு. பொய்யைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மரியதாஸே சொன்னார், அந்தச் சண்டையில் செருப்போடு சண்டை போட்டவர்களும் உண்டு, வெறுங்காலோடு போட்டவர்களும் உண்டு என்று. ஆக, நான் கண்டுபிடித்த பெரிய சாட்சி ஒன்றுமே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நமக்கு அந்த இடம் தெரியாது, அந்தக் காலம் தெரியாது. நம் ஊர் வழக்கத்தை வைத்து அவர்கள் படத்துக்குத் தீர்ப்பு எழுதினால் சரியாக இருப்பதைப் பொய் என்போம், பொய்யைச் சரி என்போம். எதிலாவது ஒன்றில் ‘ஆஹா’ என்று தோன்றியதும் நின்றுவிடாதே.

அடுத்துப் பார்த்தது சுவரை. அவனுக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் ஏதோ எழுதியிருக்கிறது. எழுத்து நல்ல தெளிவாக இருக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை. தமிழ் இல்லை, இங்கிலீஷ் இல்லை. சிங்களமாக இருக்குமோ என்று, கொழும்புக்குச் சரக்கு அனுப்புகிற ஒரு ஏஜென்டிடம் கேட்டேன். அவர் சிரித்தார். “இது எந்த பாஷையும் இல்லீங்க, எழுத்து மாதிரி வரைஞ்சிருக்கு.” மங்கிப்போன எழுத்தை மனிதன் படித்தால் தெரியவில்லை என்பான். படத்தைத் தானே வரைகிற மெஷினுக்கு அப்படிச் சொல்ல வராது, எதையாவது போட்டு நிரப்பிவிடும். பலகையை நிரப்பியது வேறு எதை எதை நிரப்பியிருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன்.

உனக்கு ஒரு வெள்ளத்தின்போது நடந்தது ஞாபகம் இருக்கும். படப்பை ஏரி உடைந்து ரோட்டில் முதலை வந்துவிட்டது என்று ஒரு படம் வந்ததும், உன் அம்மா பால் வாங்கக்கூட விடாமல் வாசற்கதவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் வடிந்தபின் எல்லாரும் சிரித்தோம். அதே படம் போன வருஷம் வேறு ஊரின் பெயரில் வந்ததாம். அந்த முதலைக்கு வீடு வாசல் இல்லை, அதைத் தேடி யாரும் வரப்போவதில்லை. ஆள் பெயரும் கடை இருக்கிற இடமும் போட்டு வருகிற படம் வேறு. அது பார்ப்பதற்காக வருவதில்லை. யாரையாவது அனுப்புவதற்காக வருகிறது.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கம்பெனிகள் கழித்துவிடும் பேலட்டை, அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டை, எவனாவது பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தால் நான் மேலே பார்ப்பதே இல்லை. “இன்னா தலைவரே, புதுசு மாரி கீது, கவுத்துப் போட்டுப் பாக்கறீங்க?” என்பான். “புதுசு மாரி கீதுன்னுதான்டா கவுத்துப் பாக்கறேன்” என்பேன். படத்தைக் கவிழ்த்துப் பார்க்க முடியாது. அதனால் வந்த வழியைப் பார்த்தேன். பலராமனைப் பிடித்து, உனக்கு அனுப்பியது யார் என்று கேட்டேன். கான்டீன் கான்ட்ராக்டர்கள் குழுவில் வந்தது என்றான். அங்கே போட்டவரைக் கேட்டால், மனை வாங்கியவர்கள் குழுவில் பார்த்தேன் என்றார். ஒவ்வொரு இடத்திலும் படம் அதேதான், கீழே இருக்கிற வரிதான் வேறு. பின்னால் போகப் போக வரி குறைந்துகொண்டே வந்தது. காட்டிக்கொடுத்தவன் என்பது ஓரிடத்தில் இல்லை. அதற்கும் முன்னால் ‘இந்தப் படையாள் யார்?’ என்று மட்டும் இருந்தது. அதற்கும் முன்னால், ‘இது நம்ம இடியாப்பக்கடை அண்ணன் மாதிரி இருக்கே’ என்று எவரோ விளையாட்டாக எழுதியிருந்தார். எல்லாவற்றுக்கும் முதலில், பழைய படங்களைப் புதுப்பித்துத் தரப்படும் என்கிற விளம்பரத்தில் மாதிரியாக அந்தப் படம் இருந்தது. விளம்பரம் போட்டது, நம் கல்யாண வீடியோவுக்கு நாம் பேசியிருக்கிற அதே ஸ்டூடியோ.

இனிமேல் நான் சொல்வதை உட்கார்ந்து படி.

ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். “நல்லா வந்துருக்குல்ல சார்? உங்க பையன் குடுத்ததுதான். பொண்ணு போன்ல எடுத்து அனுப்புச்சாம். மாமனாருக்கு சர்ப்ரைஸ், ரிசப்ஷன் ஸ்க்ரீன்ல போடணும், யாருக்கும் சொல்லாதீங்கன்னாரு. அதான் உங்களாண்டகூட மூச்சு வுடல.”

“மூஞ்சி எப்டிங்க இவ்ளோ தெளிவா வந்துச்சு?”

“மூஞ்சியே இல்ல சார் அதுல. வெள்ளையா ஒரு பொட்டு. உங்க பையன்தான் மாமாவோட இப்ப எடுத்த போட்டோவையும் அனுப்பி, அவர் மாதிரியே வரணும்னாரு. வயசக் கொறச்சு ஏத்திட்டோம்.”

“துப்பாக்கி?”

“அது ஏஐ ஆப்பே போட்டுக்குச்சு சார். சண்டைக் காலத்துப் படம்னு உங்க பையன் சொன்னாருல்ல, அத்தத்தான் டைப் பண்ணோம். அதுவா சட்டைக்குக் கலர் குடுத்து, தோள்ல கெடந்தத சரிபண்ணிடுச்சு.” சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்தபின்தான் அவருக்கு ஏதோ உறைத்தது. “ஏன் சார், எதுனா தப்பா?”

நீ கொடுத்த மூலப்படத்தைக் கேட்டு வாங்கினேன். கறுப்பு வெள்ளை, மங்கல். தோளில் இருப்பது பாய். சுருட்டிக் கயிறு கட்டிய பாய். சட்டை சாதாரண வெளிர்ச் சட்டை. சுற்றுகிற படத்தில் வெட்டிவிட்ட ஓரத்தில் ஒரு கன்னியாஸ்திரி அகப்பையோடு அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்கிறார். தரையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கஞ்சிக்குக் காத்திருக்கிறவர்கள். இவனும் அவர்களோடு வந்தவன்தான், உட்கார இடமில்லாமல் நிற்கிறான். இவ்வளவுதான் அந்தப் படம். வெட்டி, வண்ணம் பூசி, முகம் வைத்து வந்ததும், அதை அனுப்பிவிட்டு, முடித்த படத்தை இன்னும் பார்க்காமலிருந்த உனக்கே அடையாளம் தெரியாமல் என்னிடம் நிஜமா என்று கேட்கிறாய்.

நீ பிரியமாகச் செய்தாய், எனக்குத் தெரியும். திட்டுவதற்காக எழுதவில்லை. ஆனால் நீ கேட்ட கேள்வி தவறு. இந்த மாதிரிப் படத்தை நிஜமா பொய்யா என்று மொத்தமாகக் கேட்கக் கூடாது. அந்த இடம் நிஜம், அந்த ஜனங்கள் நிஜம், பசி நிஜம். சட்டையின் நிறம் பொய், துப்பாக்கி பொய். கீழே இருக்கிற பெயரை எழுதியவன் அங்கே இருந்தவனே இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து, இது யார் கையிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். முழுப்படம் எங்கே, வெட்டிய ஓரத்தில் யார் நின்றார்கள், முதன்முதலில் போட்டபோது கீழே என்ன வார்த்தை இருந்தது என்று கேட்க வேண்டும். பார்த்ததும் உன் கோபம் ஏறுகிறதா, அப்படியானால் இன்னொரு தடவை கேட்க வேண்டும். கோபம் ஏறுகிற மாதிரிதான் அது வழியெல்லாம் செதுக்கப்பட்டு வந்திருக்கிறது. செதுக்கியவர்களில் ஒருவருக்குக்கூட மரியதாஸ் மேல் விரோதம் கிடையாது. அதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது. விரோதி என்று ஒருவன் இருந்தால் போய்ப் பேசித் தீர்த்துவிடுவேன்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பலராமனிடம் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தான். “அண்ணே, நீ சொல்றது சரி. ஆனா நீ சம்மந்தி. அப்டித்தான் சொல்லுவ. அந்தக் கலர் படத்தக் கெடுத்து கருப்பு வெள்ளையா ஆக்கி எடுத்தாந்துட்டன்னு எவனா கேட்டா இன்னா பண்ணுவ?” என்றான். அவன் கேட்ட மறுநாளே எவனோ அதைக் குழுவில் எழுதிவிட்டான். ஸ்டூடியோக்காரர் விளம்பரத்தை அழித்ததும், ‘பார்த்தீர்களா, பயந்து அழித்துவிட்டார்கள்’ என்று ஒருவன் போட்டான். இப்போது சுற்றுவதில் மூலையில் ஒரு டிக் அடையாளமும், ‘உறுதி செய்யப்பட்டது’ என்கிற வார்த்தையும் இருக்கின்றன. யார் உறுதி செய்தார்கள் என்று நான் கேட்டேன். என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள், இந்தக் கடிதத்தை அங்கே வேறு ஆள் வழியாகத்தான் போட வேண்டும்.

அதன்பிறகு மரியதாஸின் வீட்டுக்குப் போனேன். பாதி மூட்டை கட்டியிருந்தது. ஜான்சி கண் வீங்கி உள்ளே இருந்தாள், டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். படம் எப்படிப் புறப்பட்டது என்பதை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்து, உள்ளேயிருந்த அதே கறுப்பு வெள்ளைச் சின்னப் படத்தை என் கையில் வைத்தார்.

“அண்ணை, இது நான் இல்லை. என்ர தம்பி.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவின் படம் என்றுதானே ஜான்சி உனக்கு அனுப்பினாள் என்றேன்.

“அவ அப்பிடித்தான் நினைச்சிருக்கிறா. நான் சொல்லேல்ல. சொன்னா மிச்சத்தையும் சொல்ல வேணுமே.” புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். “இந்தப் படத்தில இருக்கிறது ஒரு பள்ளிக்கூடம். அங்க நாங்கள் அகதியா வந்து கொஞ்ச நாளில, ஒரு வாகனம் வந்தது. அதில வந்தவங்கள் கையில ஒரு போட்டோ வச்சிருந்தாங்கள். ஆரோ ஒருத்தன்ர போட்டோ. எல்லாரையும் வரிசையா விட்டு, அதையும் முகத்தையும் மாறி மாறிப் பாத்தாங்கள். தம்பிக்குக் கிட்ட வந்து, இவன்தான் எண்டு சொன்னாங்கள். அவன் இல்லை எண்டு அம்மா கத்தினா. சிஸ்டர் வந்து சொன்னா. கேக்கேல்ல. அவனைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். அவ்வளவுதான், பிறகு ஒண்டும் தெரியாது.”

அந்தச் சிறிய படத்தைத் திரும்ப வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்தார். “அவன்ர முகம் இதில சரியாத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். இப்ப அதுக்கு மேல என்ர முகத்த வச்சிட்டியள். இனி நான் கண்ண மூடினாலும் அந்தப் பச்சைச் சட்டையோட நான்தான் வாறன்.”

ஸ்டீபன், நான் எத்தனையோ பேரோடு பேரம் பேசியவன். எந்தச் சிக்கலுக்கும் ஒரு வழி சொல்லியே பழக்கம். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு புகார் கொடுத்துவிடலாம், நான் கூட வருகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. “என்ர பேரையும் இந்தப் படத்தையும் நானே கொண்டுபோய் மேசையில வைக்கச் சொல்லுறியளோ? இத்தனை வருசமா ஒவ்வொரு முறையும் அகதிப் பதிவுக்குப் போகேக்க, பேர் வாசிக்கும்வரைக்கும் நான் வாசலைத்தான் பாத்துக்கொண்டு நிப்பன். உங்களுக்கு அது விளங்காது அண்ணை.” நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. நான் புகார் கொடுத்தால் என் பெயர் மட்டும் போகும் என்று நினைக்கிற அளவுக்கு நான் ஏமாளியும் இல்லை.

கிளம்பும்போது வாசலில் பார்த்தேன். தெருமுனையில் நம்பர் பலகை இல்லாத ஒரு பைக், அதில் இரண்டு பேர். இந்தப் பக்கத்து ஆட்களில்லை. பக்கத்து மளிகைக் கடையில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் கையைத் தூக்கி இந்தத் திசையைக் காட்டினார். அவர்கள் வரவில்லை, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். மரியதாஸ் என் பின்னால் நின்று அதைப் பார்த்தார். “முதல் தரம் இப்பிடித்தான். பாத்திட்டுப் போவினம்” என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் உள்ளே போய் உட்கார்ந்தேன். அதன்பிறகுதான் பேச்சு நடந்தது. ஜான்சியையும் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் பேசினோம். அவள் உன்னை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் உன் போனை எடுக்கமாட்டாள், நீ நேரில் வரவேண்டும்.

பேசி முடித்தது இது. கல்யாணம் குறித்த தேதியிலேயே நடக்கும், மண்டபத்தில் இல்லை, கோயிலில் காலைப் பூசையோடு. ரிசப்ஷன் கிடையாது. பேனர் கிடையாது, ஸ்க்ரீன் கிடையாது. போட்டோகிராபர் வரக்கூடாது, வருகிறவர்களின் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும், பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து நிற்கிற படம்கூட எடுக்கக்கூடாது. உன் அம்மா அழுவாள், அது என் பொறுப்பு. நீ புனேயிலிருந்து வந்ததும் அவர் கடையைத் திறப்பார். கல்யாணம் வரைக்கும் தினமும் பஸ் ஏறுகிற நேரத்தில் நீ அங்கே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரும் பார்க்கச் சாப்பிட வேண்டும், கேட்கிறவர்களுக்கு நீ செய்ததை நீயே சொல்ல வேண்டும். அவருடைய தம்பியின் பெயரை அவர் உன்னிடம் மட்டும் சொல்வார், அதை நீ எங்கேயும் எழுதக்கூடாது. இதற்கிடையில் அறியாத ஆள் ஒருவன் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டு அந்த வாசலுக்கு வந்துவிட்டால், கல்யாணம் இல்லை. அவர்கள் அன்றைக்கே கிளம்பிவிடுவார்கள், எந்த ஊர் என்று சொல்லமாட்டார்கள், நாமும் தேடக்கூடாது. அந்தக் கடைசி நிபந்தனையைக் குறைக்க எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். அவர் ஒரு சொல்கூட இறங்கவில்லை. எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று உன் பெயரில் கை கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.